ரப்பர் பேண்டு போட முடியாத புத்தகம்

காலை டீ ஆறுவதற்குள் கொலைகாரன் யாரென்று மெக்கானிக்குக்குத் தெரிந்துபோனது. பல் டாக்டர். கதையில் இன்னும் கொலையே நடக்கவில்லை. பத்துப் பக்கம்கூடத் தாண்டாத நிலையில், அந்த மின்புத்தகச் சிலேட்டு திடீரென்று எதையோ கேட்டது, அவர் விரல் எதன் மீதோ பட்டது, அடுத்த கணம் திரையில் பல் டாக்டர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் டீ டம்ளரை ‘ணங்’ என்று வைத்தார். முந்நூறு பக்கக் கதையை மூன்று வரியில் முடித்துவிட்ட அந்தச் சனியனைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தால் என்ன என்று தோன்றியது. மகள் வாங்கி அனுப்பியது என்பதால் எறியவில்லை. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு அனுப்பியிருந்தாள். ஒரு புத்தகத்தை ஒரு தடவை வாங்கினால் இரண்டிலும் வந்துவிடும், எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று போனில் ஆசை காட்டியிருந்தாள். எழுத்து பெரிதானது உண்மைதான். நிம்மதி போனதும் உண்மை.

மகளைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினார். அவள் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள்.

“அப்பா, அது என்ன கேக்குதுன்னு படிச்சுட்டு அமுக்குங்க. படிக்காமலே வேண்டாம், ஆமாம்னு எதையாவது அமுக்கினா அது என்ன பண்ணும்?”

முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவரைப் பார்த்து, படித்துப் பார்த்து அமுக்கச் சொல்கிறாள். அவர் பேச்சை முடித்துக்கொண்டார். குற்றம் விரலில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாமல் இல்லை. இரும்புக் கயிறும் கிரீஸும் பழகிப் பழகிக் காய்த்துப்போன விரல்கள் அவை. ஒரு தடவை தொட்டால் சிலேட்டுக்கு உறைப்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது தடவை குத்துவதற்குள் திரையில் ஏதாவது கேள்வி வந்து நின்றுவிடும். குத்து அதன் தலையில் விழும்.

இதில் அவருக்கு இவ்வளவு ஆத்திரம் வரக் காரணம் வேறு. அந்த வீட்டில் துப்பறியும் கதை படிப்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவர் போட்ட சட்டம்.

புத்தகம் வாங்கி வந்ததும் முதல் வேலையாக மெக்கானிக் அதன் கடைசிக் கால் பங்குப் பக்கங்களைப் பிரித்து, ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுவார். காலையில் அவர் படிப்பார், சாயங்காலம் மனைவி படிப்பாள். இரண்டு பேரும் ரப்பர் பேண்டு வரை வந்து சேர்ந்த பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது ஆளுக்கொரு பெயரைச் சொல்ல வேண்டும். பிறகுதான் கட்டை அவிழ்க்கலாம். தவறாகச் சொன்னவர் அடுத்த புத்தகம் முடியும் வரை பாத்திரம் தேய்க்க வேண்டும். இரண்டு பேரும் சரியாகச் சொல்லிவிட்டால் பழைய ஏற்பாடு அப்படியே தொடரும். இரண்டு பேருமே கோட்டை விட்டால் சேர்ந்து நின்று தேய்க்க வேண்டும். அப்படி நடந்தது அபூர்வம். அவர் அப்பா இறந்த சமயத்தில் ஒரு முறை நடந்தது, இன்னும் ஏதோ ஓரிரு முறை.

“முதல்ல நீங்க சொல்லுங்க” என்பாள் மனைவி, எப்போதும். புருஷனுக்குக் கொடுக்கிற மரியாதை என்று மெக்கானிக் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன பிறகு அவள் கொஞ்சம் யோசித்து, டீயை ஒரு வாய் குடித்து, ஒரு பெயரைச் சொல்வாள். பெரும்பாலும் அது சரியாக இருக்கும். அவருக்கு வயிறு எரியும். ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து நாளெல்லாம் விதவிதமான ஆட்களைப் பார்க்கிறாள், அதனால்தான் ஆளை எடை போட வருகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பார். அந்த வீட்டுக் குழாயடி அவருக்கு லிஃப்ட் மோட்டாரைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் அவரும் ஜெயித்திருக்கிறார். விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றாலும், அந்த வெற்றிகளை அவர் மறந்ததே இல்லை. கால் முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோது தீவுக் கதையில் சமையல்காரனைச் சரியாகப் பிடித்தார். பழைய கம்பெனியை இழுத்து மூடி, வேலையில்லாமல் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷம், இரட்டைச் சகோதரிகளில் மூத்தவள்தான் என்று அடித்துச் சொன்னார். மனைவி இளையவள் என்றாள். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதைகளைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். மைத்துனன் அவருக்குத் ‘துப்பு’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டான்.

இப்போது இந்தச் சிலேட்டு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. இதில் ரப்பர் பேண்டு போட முடியாது. போட்டுப் பார்த்தார், திரை கோபித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தானே புரட்டிக்கொண்டு ஓடியது. முக்கால் பங்கு என்று கீழே எண் காட்டும் இடத்தில் நிறுத்திக்கொள்வது என்று வாய்மொழியாக முடிவு செய்தார்கள். பல் டாக்டர் கதைக்குப் போட்டி ரத்து.

அடுத்த புத்தகத்தில் திறந்த உடனேயே அதே கேள்வி வந்து நின்றது. இம்முறை அவர் உஷார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரலைச் சட்டையில் துடைத்து, ‘வேண்டாம்’ என்பதை மட்டும் குறிபார்த்துத் தொட்டார். கேள்வி போய்விட்டது. என்ன கேட்டது என்று படிக்க அவருக்குப் பொறுமை இல்லை.

அந்த வாரம்தான் கம்பெனியில் கண் பரிசோதனை முடிவு வந்தது. இனி அவர் லிஃப்ட் ஓடும் ஷாஃப்டுக்குள் இறங்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். மாசம் பிறந்ததும் அலுவலகத்தில் புகார் மேஜை. லிஃப்ட் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால், பயப்படாதீர்கள், ஆள் வருகிறார்கள் என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷம் அந்த ஆளாகப் போனவர் அவர். வீட்டுக்கு வந்து செய்தியைச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனைவி விளக்கை அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டீயின்போது மனசே இல்லாமல்தான் ஒரு பெயரைச் சொன்னார்: கணக்கர். மனைவி வெகு நேரம் யோசித்தாள். “எனக்கென்னவோ அந்தக் கொழுந்தன் மேலதான் சந்தேகம்” என்றாள். கணக்கரேதான். மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, கணக்கரை எந்த இடத்தில் பிடித்தார் என்று விளக்கினார். கண்தான் போயிற்று, மூளை போகவில்லை என்று மகளுக்கும் மைத்துனனுக்கும் போன் போட்டுச் சொன்னார்.

மூன்றாவது புத்தகத்தைத் திறந்தார். கேள்வி வந்தது. விரல் சறுக்கியது. மாமியார், மாடிப்படி, எண்ணெய்.

இனி பொறுப்பதற்கில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சிலேட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு சர்வீஸ் கவுண்ட்டருக்குப் போனார். டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உடைந்த போன்களோடு வந்தவர்களின் பெருமூச்சையெல்லாம் கேட்டு முடித்த பிறகு அவர் எண் வந்தது. கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம், உங்கள் மிஷின் கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கிறது என்று புகார் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூடவே, கடைசிக் கால் பங்குக்கு ரப்பர் பேண்டு போடுகிற மாதிரி இதில் ஏதாவது வசதி உண்டா என்றும் கேட்டார். அவள் அதற்கும் சிரிக்கவில்லை. நல்ல பெண்.

அவள் இன்னொரு புத்தகத்தைத் திறந்தாள். முந்தைய நாள்தான் வாங்கியது, மெக்கானிக் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. அதே கேள்வி வந்து நின்றது. அவள் அதை நிதானமாக, முழுசாக வாசித்தாள்.

“‘இந்தப் புத்தகம் இரண்டாவது கருவியில், நேற்று மாலை, கடைசிப் பக்கம் வரை படிக்கப்பட்டுள்ளது. அங்கே செல்லவா?’ அப்படின்னு கேக்குது சார். ரெண்டாவது யார்கிட்ட இருக்கு?”

“என் சம்சாரத்துகிட்ட.”

“அப்போ மிஷின்ல கோளாறு இல்ல. அவங்க புத்தகம் வந்த உடனே கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பாத்திருக்காங்க. அதான் இது நீங்களும் அங்க போகணுமான்னு கேக்குது.”

அப்படியெல்லாம் இருக்காது என்றார் மெக்கானிக். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழக்கமே கிடையாது என்றார். அவள் விவாதம் செய்யவில்லை. அமைப்புகளில் இந்த இடத்தை அணைத்துவிட்டால் இரண்டு கருவிகளும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்ளாது என்று காட்டிக்கொடுத்துவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவர் வெளியே பார்க்கவில்லை. முதலில் நினைவுக்கு வந்தது பாத்திரங்கள்தான். அடிபிடித்த பாத்திரங்கள், எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரங்கள், காய்ச்சலோடு நின்று தேய்த்த பாத்திரங்கள். இத்தனை வருஷமாகக் காதில் பூச்சுற்றியிருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சேர்த்துவைத்தார்.

மூன்று நிறுத்தம் தாண்டியதும் வேறொன்று உறைத்தது. கணக்கர் கதையைத் திறந்த முதல் நாளே இந்தக் கேள்வி வந்ததே. அப்படியானால் அப்போதே அவளுக்குக் கணக்கர் என்று தெரியும். தெரிந்துகொண்டே அந்த ஞாயிற்றுக்கிழமை ‘கொழுந்தன்’ என்றிருக்கிறாள்.

சமையல்காரன்? அன்றைக்குக் கால் முறிந்து கிடந்தார். இரட்டைச் சகோதரி? வேலை போயிருந்தது. மெக்கானிக்குக்குக் காது மடல் சூடானது. தோற்றதெல்லாம்கூடப் போகட்டும். ஷாஃப்டும் போன பிறகு அவர் கையில் மிச்சமிருந்ததே அந்த நாலைந்து வெற்றிதான். அவையும் யாரோ இரக்கப்பட்டுப் போட்டவை என்றால் அவர் யார்? இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, வெயிலில் திரும்ப நடந்தார்.

மனைவி வேலை முடிந்து வந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் துணிப்பையை மேஜைமேல் வைத்தார்.

“கடைசிப் பக்கத்துல உனக்கு என்ன வேலை?”

அவள் மறுக்கவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துத்தான் நிமிர்ந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டார். முதல் புத்தகத்திலிருந்தே என்றாள். ரப்பர் பேண்டு என்னவாயிற்று என்று கேட்டார்.

“ரெண்டு சுத்து சுத்தி, முறுக்கு முதுகுப் பக்கம் வர்ற மாதிரி போடுவீங்க. நானும் அப்படியே திருப்பிப் போட்டுடுவேன்.”

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு சுற்று! அந்த முறுக்கை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று அவர் நினைத்திருந்தார். அவள் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நாள் பூரா எனக்கு எதிர்ல ஆளுங்க உக்காந்திருக்காங்க. உள்ள இருக்கிறவங்களுக்கு என்ன ஆகும்னு என்னைக் கேக்கறாங்க. உக்காருங்க, டாக்டர் வந்து சொல்வாருன்னு சொல்றேன். பாதிப் பேருக்கு என்ன ஆச்சுன்னு தெரியறதுக்குள்ள என் டியூட்டி முடிஞ்சிடுது. வீட்டுக்கு வந்து இன்னொருத்தருக்கு என்ன ஆகுமோன்னு உக்காந்திருக்க என்னால முடியல. முடிவு தெரிஞ்சாத்தான் எனக்குக் கதையே படிக்க வருது.”

இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கலாம். அவருக்கு அதைவிட முக்கியமானது வேறொன்று இருந்தது.

“நீ ஏமாத்தி ஜெயிச்சதுக்குக்கூட எனக்குக் கோபம் இல்ல. என்னை ஜெயிக்க விட்டியே, அதுதான்.”

“கண்டுபிடிச்சது நீங்கதானே? நான் ஒண்ணும் காதுல வந்து சொல்லலையே. நீங்க சரியாச் சொன்னீங்க, நான் தப்பாச் சொன்னேன். அவ்வளவுதான்.”

“நீயும் சரியாச் சொல்லியிருந்தா சமம்னு போயிருக்கும்.”

“அந்த நாள்லயெல்லாம் உங்க முகத்தை நீங்க பாக்கல. நான் பாத்தேன்.”

மெக்கானிக் வீட்டின் பின்பக்கம் போய் நின்றார். கண்டுபிடித்தது அவர்தான் என்று அவள் சொன்னது கணக்குப்படி சரி. அந்தச் சரி அவருக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது. இரண்டு நாள் பேச்சு, ஆமாம், இல்லை என்ற அளவில் நின்றது. சாப்பாட்டில் உப்புக் குறைவாக இருந்தும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் சாயங்காலம், மனைவியின் சிலேட்டையும் தன் சிலேட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சர்வீஸ் பெண் காட்டிக்கொடுத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, விரல் வலிக்கக் குத்திக் குத்தி அணைத்தார்.

“இனிமே இது ரெண்டும் ஒண்ணையொண்ணு கேட்டுக்காது” என்றார். “நீ கடைசிப் பக்கத்தைப் படிச்சுக்கோ. படிக்காம உன்னால இருக்க முடியாது. ஆனா ஒண்ணு. எனக்கு என்ன ஆனாலும் சரி, இனிமே என்னை ஜெயிக்க விடாதே.”

அவள் சரி என்று தலையாட்டினாள்.

கவுண்ட்டரில் திறந்து பார்த்த அந்தப் புத்தகத்தையே படித்தார்கள். மலையடிவார ஓட்டல், பனி, சாத்தியிருந்த அறைக்குள் ஒரு பிணம். மெக்கானிக் முன்னெப்போதும் இல்லாத கவனத்தோடு படித்தார். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் திரும்பப் போய்ப் பார்த்தார். திரும்பப் போகும்போதெல்லாம் சிலேட்டு எங்கோ கொண்டுபோய் விட்டது. அதைத் திட்டிக்கொண்டே மறுபடி தேடி வந்தார். இந்த முறை சரியாகச் சொன்னால் அது அவருடையது. யாரும் கொடுத்தது இல்லை.

அதற்குள் மாசக் கடைசி வந்துவிட்டது. சனிக்கிழமை, மெஷின் அறைச் சாவிக் கொத்தைக் கம்பெனியில் ஒப்படைத்தார். இடுப்பில் அது தொங்கித் தொங்கிப் பெல்ட்டே ஒரு பக்கம் வளைந்திருந்தது. சூப்பர்வைசர் அதை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டு வேறு ஏதோ பேச ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், கொடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து புகார் மேஜை.

ஞாயிற்றுக்கிழமை டீ வந்தது. மனைவி வழக்கம்போல முதலில் அவரைச் சொல்லச் சொன்னாள். “வாட்ச்மேன்” என்றார் மெக்கானிக். எல்லாச் சாவியும் அவனிடம்தான் இருந்தது. காரணத்தையும் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிப் போனது, இருமிச் சரிசெய்துகொண்டார். மனைவி டம்ளரைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு ஓட்டல் முதலாளி மேல சந்தேகம்” என்றாள்.

அவர் உள்ளறைக்குப் போய்க் கடைசிக் கால் பங்கை ஒரே மூச்சில் படித்து முடித்தார். வாட்ச்மேன் இல்லை. முதலாளியும் இல்லை. கதை முழுக்க ஒரு மூலையில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்த அத்தை.

சிலேட்டைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தார். மனைவி ஏற்கனவே குழாயடியில் நின்று பாத்திரங்களை நனைத்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற நார் இரண்டு எடுத்து வைத்திருந்தாள்.

“அத்தைன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“நான் என்ன சொல்லியிருந்தேன்?”

“ஜெயிக்க விடாதேன்னு சொன்னீங்க. விடலையே.” அவள் திரும்பாமலே ஒரு தட்டைக் கழுவிச் சாய்த்து வைத்தாள். “இன்னிக்குப் போய் உங்களைத் தனியா தேய்க்க விடறதுக்கு எனக்கு மனசு வரல.”

மெக்கானிக்குக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பேச்சு என்றால் பேச்சு. இவளிடம் ஒரு சட்டம் போட்டு அதைக் காப்பாற்ற முடிகிறதா என்று கத்த வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து அப்பா இறந்த மாசம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இரண்டு பேரும் தோற்றார்கள். இதே குழாயடியில், தோள் இடிக்கும்படி நின்று, கிண்ணங்களையும் தட்டுகளையும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகை வந்தபோது குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டவள் அவள்தான். அவளுக்கும் கண்டுபிடிக்க முடியாத கதை என்று இத்தனை காலமும் அவர் நினைத்திருந்தார்.

கத்தவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“தள்ளி நில்லு, எனக்கு இடம் இல்ல” என்றார்.

அவள் தள்ளவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை.